புழு இருந்தது சரி, எங்கே இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் கரை ஒதுங்கிய டால்பின் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. 'வயிறு நிறையப் புழு: டால்பின் சாவுக்குக் காரணம் தெரிந்தது' என்று தலைப்பு. கூடவே பெரிதாக ஒரு வண்ணப்படம். வீட்டில் மற்றவர்கள் படத்தைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டார்கள். நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். 34 வருடம் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து, அதில் பாதிக்கு மேல் ஒட்டுண்ணிப் புழுக்களோடு கழித்தவள் நான். பேத்தி என்னைக் கூப்பிடுவதே 'புழுப் பாட்டி' என்றுதான்.

அந்தச் செய்தியில் இரண்டு விஷயங்கள் உறுத்தின. டால்பினை ஓரிடத்தில் 'மீன்' என்று எழுதியிருந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது பழகிப்போய்விட்டது. புழு இருந்தது, அதனால் புழுதான் கொன்றது என்று முடிவு கட்டியது ஒன்று. இன்னொன்று, படத்துக்குக் கீழே இருந்த வரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடலில் மீனும் கணவாயும் தின்று வளர்ந்த டால்பின் வயிற்றில் புழு இல்லை என்றால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். படத்தில் இருந்தவை பெரும்பாலும் அனிசாகிஸ் என்ற உருளைப்புழுவாகத்தான் இருக்கும். திமிங்கலம், டால்பின் ஆகியவற்றின் இரைப்பைதான் அதற்குச் சொந்த வீடு. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அது முழு வளர்ச்சி அடையும், இணை சேரும், முட்டையிடும். முட்டை கழிவோடு கடலில் கலக்கும். அதிலிருந்து வரும் இளம்புழுவைக் கிரில் மாதிரியான சிறிய இறால் வகை உயிர்கள் விழுங்கும். கிரிலை மீன் தின்னும், அந்த மீனை இன்னொரு பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு முறையும் புழு சாகாமல் அடுத்த உடம்புக்குக் குடிமாறும். மீனின் ஈரலிலும் குடலைச் சுற்றியும் பழைய கைக்கடிகாரத்தின் சுருள்வில் போல இறுக்கமாகச் சுருண்டு, மெல்லிய உறைக்குள் படுத்துக் காத்திருக்கும். அந்த மீனை ஒரு டால்பின் தின்றால்தான் அதற்கு வாழ்வு. தின்னாவிட்டால் மீனோடு அதன் கதையும் முடிந்தது.

நான் முதன்முதலில் அறுத்துப் பார்த்த டால்பினை மறக்க முடியாது. ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த புதிது. இரைப்பையைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் கூட இருந்த இரண்டு பேர் வெளியே ஓடிவிட்டார்கள். உள்ளே, மடிப்பு மடிப்பாக இருந்த சுவரில் ஒரு குழிப்புண். அந்தக் குழிக்குள் நாற்பது ஐம்பது புழுக்கள் ஒரே இடத்தில் தலையைப் புதைத்துக்கொண்டு, வால்கள் மட்டும் வெளியே தொங்க, சிக்கு விழுந்த நூல்கண்டு போலக் கிடந்தன. சில இன்னும் அசைந்தன. நான் ஆர்வக்கோளாறில் இடுக்கியால் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பாதி வந்தது, பாதி வரவில்லை.

"இழுக்காதே அம்மா. தலை உள்ளே நின்றுவிட்டால் அது யார் என்று எப்படிச் சொல்வாய்?" என்றார் என் பேராசிரியர். புழுவை அடையாளம் காண்பதே தலையையும், தலைக்குப் பின்னால் உள்ள சின்னச் சின்னப் பைகளையும் வைத்துத்தான். அனிசாகிஸில் உணவுக்குழலும் குடலும் சேரும் இடத்தில் வெண்ட்ரிகுலஸ் என்று ஒரு தடிப்பு உண்டு. இளம்புழுவில் அது தோல் வழியாகவே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பறவைகளிலும் சீல் என்ற கடல் பாலூட்டிகளிலும் இருக்கும் காண்ட்ரசீக்கம் என்ற உறவுக்காரப் புழுவில் அதே இடத்திலிருந்து முன்னோக்கி ஒரு பை, பின்னோக்கி ஒரு பை என்று இரண்டு கிளம்பும். பையைப் பார்த்துப் பெயர் சொல்லலாம்.

அப்புறம் எண்ணச் சொன்னார். சல்லடையில் கழுவிக் கழுவி, தட்டுத் தட்டாக இரண்டு நாள் எண்ணினேன். 412. "இத்தனை புழு இருந்தால் சாகாமல் என்ன செய்யும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வால் துடுப்பின் அடியை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினார். தோலில் மெல்லிய கோடுகள், வலைக்கயிறு அறுத்த தடம். மூச்சுக்குழாயைப் பிளந்தோம், உள்ளே நுரை நிறைந்திருந்தது. வலையில் மாட்டி மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்திருந்தது அது. தோலுக்கடியில் கொழுப்பு கனமாக இருந்தது, இரைப்பையில் முந்தின நாள் தின்ற மீனின் செவிக்கற்கள் கிடந்தன. நன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்த டால்பின். சாப்பிட்ட மீன்களின் கணக்கைத்தான் அந்தப் புழுக்களும் சொல்லின. கொலை நடந்த வீட்டில் குடியிருந்தவர்கள் எல்லாரையும் கொலைகாரர்கள் என்று பிடித்துப் போவது மாதிரி நான் கேள்வி கேட்டிருந்தேன்.

புழு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. கொல்லும் புழுவும் உண்டு. எந்தப் புழு, உடம்பில் எந்த இடத்தில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரைப்பையில் நூறு புழுவைத் தாங்குகிற டால்பின், மூளைக்கு அருகே வரும் சில தட்டைப்புழுக்களைத் தாங்காது. நாசிட்ரீமா என்று ஒரு தட்டைப்புழு. டால்பின் தலைக்குள் இருக்கும் காற்றறைகளில் வாழ்வது. அதன் முட்டைகள் மூளைத் திசுவில் சிதறிக் கிடந்ததைக் கரை ஒதுங்கிய டால்பின்களில் பார்த்து 1972-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். டால்பின்களின் மண்டையோட்டு எலும்பையே அரித்து ஓட்டை போடும் கிராசிகாடா என்ற உருளைப்புழுவும் உண்டு. அருங்காட்சியகத்தில் இருக்கும் மண்டையோட்டில்கூட அந்த ஓட்டைகளைப் பார்க்கலாம். புழு மக்கிப் பல வருடம் ஆகியிருக்கும், அது இருந்த தடம் இருக்கும்.

அதே கிராசிகாடாவின் இன்னொரு இனம் ஃபின் திமிங்கலத்தின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. 1980-களில் ஐஸ்லாந்துப் பக்கம் பிடிபட்ட ஃபின் திமிங்கலங்களைப் பரிசோதித்த ரிச்சர்ட் லாம்பர்ட்சன், ஏறத்தாழ 95 சதவீதத்தில் இந்தப் புழு இருந்ததைக் கண்டார். சிறுநீரக ரத்தக்குழாயின் சுவரை வீங்க வைத்து, ரத்த ஓட்டத்தையே அடைத்துவிடக்கூடியது இது. சிறுநீரகம் செயலிழந்து திமிங்கலம் சாகலாம். ஆனால் இதே திமிங்கலத்தின் வயிற்றைத் திறந்து புழுவைப் படம் எடுத்துவிட்டுச் சிறுநீரகத்தைத் தொடாமல் மூடியிருந்தால், செய்தியில் என்ன வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஃபர் சீல் குட்டிகளின் கொக்கிப்புழு. (பிடித்த கதை என்றதும் என் மருமகள் முறைக்கிறாள்.) பெரிங் கடலில் உள்ள செயின்ட் பால் தீவில், வட பசிபிக் ஃபர் சீல் குட்டிகள் பிறந்த சில வாரங்களில் ரத்தசோகையால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அறுத்துப் பார்த்தால் குடல் முழுக்கக் கொக்கிப்புழு. ஆனால் தாய் சீலின் குடலில் தேடினால் ஒன்றுகூட இல்லை. குட்டிக்கு எங்கிருந்து வந்தது? 1965-இல் ஆல்சன், லயன்ஸ் என்ற இருவர் அதற்கு விடை சொன்னார்கள்: தாய்ப்பால். கரையில் மணலில் இருக்கும் இளம்புழுக்கள் துடுப்புத் தோல் வழியாக நுழைந்து, தாயின் வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பில் வளராமல் அப்படியே பதுங்கிக் கிடக்கின்றன. பிரசவம் ஆனதும் பாலில் இறங்குகின்றன. பிறந்த குட்டி குடிக்கும் முதல் பாலிலேயே புழு உள்ளே போய்விடுகிறது. அது குடலில் வளர்ந்து, ரத்தம் குடித்து, முட்டையிடும். அந்த முட்டை குட்டியின் கழிவோடு மறுபடி மணலுக்குப் போகும். தப்பிப் பிழைத்த குட்டிகள் மூன்று மாதத்துக்குள் புழுக்களை வெளியே தள்ளிவிடும். அதன்பின் அந்தச் சீலின் குடலில் கொக்கிப்புழு இருக்காது, ஆனால் அது பெண்ணாக இருந்தால் ஒருநாள் அதன் பாலில் இருக்கும். ஆண் சீலின் கொழுப்பில் போய் உட்கார்ந்த இளம்புழுவை நினைத்தால்தான் பாவமாக இருக்கும், அதற்குப் போக வழியே இல்லை. மணற்பாங்கான கரைகளில் இந்த நோய் அதிகம், பாறைக் கரைகளில் குறைவு. இங்கே புழு சந்தேகத்துக்கு இடமில்லாமல் குட்டிகளைக் கொல்கிறது. அதை எழுதும்போது 'கொன்றது' என்ற சொல்லை யாரும் தயங்காமல் போடலாம்.

கடற்பறவைகளுக்கு வருகிறேன். உங்கள் செய்தியின் கடைசிப் பத்தியில் 'செத்துக் கிடந்த நீர்க்காகங்களிலும் புழு' என்று ஒரே வரியில் அவற்றையும் சேர்த்திருந்தார்கள். நீர்க்காகத்தின் இரைப்பையில் காண்ட்ரசீக்கம் இருப்பது, டால்பினில் அனிசாகிஸ் இருப்பதைப் போலத்தான். மீன் தின்னும் பறவை, மீன் வழியாகப் பரவும் புழு. பறவை கரையோரம் செத்துச் சில மணி நேரம் கிடந்தால் உடம்பு ஆறும். ஆறினதும் புழுக்கள் இடம் மாற ஆரம்பிக்கும். உணவுக்குழலிலும் சில சமயம் வாயிலும்கூட அவை கிடப்பதைப் பார்த்து 'புழு தொண்டையை அடைத்துவிட்டது' என்று என்னிடமே ஒரு மாணவர் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். பறவையைச் சுத்தம் செய்து எடை போடச் சொன்னேன். மார்பெலும்பு கத்திபோல் துருத்திக்கொண்டிருந்தது. பல நாள் பட்டினி. பட்டினியால் புழு அதிகமானதா, புழுவால் பட்டினியா என்று செத்த பறவை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியாது.

உயிரோடு இருக்கும் பறவையில் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். ஸ்காட்லாந்தின் மே தீவில் ஷாக் என்ற நீர்க்காக வகையில் அதைத்தான் செய்தார்கள். மனிதர்களுக்கு வயிற்றில் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பையே பறவையின் தொண்டை வழியாக இறக்கி, இரைப்பையில் எத்தனை புழு என்று எண்ணிவிட்டு, பறவையைத் திரும்பவும் கூட்டில் விட்டார்கள். யாரும் சாகவில்லை, எதையும் அறுக்கவில்லை. என் காலத்தில் அது இருந்திருந்தால் எத்தனை நாற்றத்திலிருந்து தப்பித்திருப்பேன்.

பறவைப் புழு என்றால் பறவையை மட்டும் பார்த்தால் போதாது, நத்தையையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் உப்புச் சதுப்பு நிலங்களில் ஒரு தட்டைப்புழு: முதலில் நத்தை, அடுத்து கில்லி என்ற சின்ன மீன், கடைசியில் பறவை. மீனுக்குள் போனதும் அது மூளையின் மேல் படிகிறது. புழு பிடித்த மீன் சும்மா இருக்காமல் நீர்மட்டத்துக்கு வந்து துள்ளும், பக்கவாட்டில் புரண்டு வெள்ளி வயிற்றைக் காட்டும். கெவின் லாஃபர்ட்டியும் கிமோ மாரிஸும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட மீன்கள் பறவைகளிடம் பத்து முதல் முப்பது மடங்கு வரை அதிகமாகச் சிக்கின. புழுவே பறவைக்கு மீனைப் பிடித்துக் கொடுப்பதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இதே மாதிரிக் கழிமுகங்களில் பறவை இனங்கள் அதிகம் வந்துபோகும் இடத்தில் நத்தைக்குள்ளும் தட்டைப்புழு இனங்கள் அதிகம் என்பதையும் கண்டிருக்கிறார்கள். பறவை வராத இடத்து நத்தை சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தம் நல்ல செய்தி இல்லை.

சில வருடங்களுக்கு முன்னால் '283 மடங்கு' என்ற எண் பத்திரிகைகளில் ஓடியது நினைவிருக்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கட்டுரை அது. பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்ததில் 1978-க்கும் 2015-க்கும் இடையில் மீன் உள்ளிட்ட கடலுயிர்களில் அனிசாகிஸ் 283 மடங்கு கூடியிருந்தது. நூறு உயிருக்கு ஒரு புழுகூட இல்லாத நிலையிலிருந்து உயிருக்கு ஒன்றுக்கு மேல் என்ற நிலைக்கு. எல்லாரும் 'கடல் கெட்டுவிட்டது' என்று எழுதினார்கள். ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றை மட்டும் பலர் விட்டுவிட்டார்கள்: திமிங்கலங்கள் மீண்டு வருவதும் காரணமாக இருக்கலாம். அமெரிக்கா 1972-இல் கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் போட்டது. வணிகத் திமிங்கல வேட்டைக்கு உலக அளவிலான தடை 1986-இல் நடைமுறைக்கு வந்தது. வீடு திரும்பினால் குடியிருப்பவரும் திரும்புவார்கள். வெப்பநிலை, உரக்கழிவு போன்றவையும் பேசப்பட்டன, அதையும் மறைக்க வேண்டாம். இதே குழுவைச் சேர்ந்த செல்சி வுட் உள்ளிட்டோர் அருங்காட்சியகத்தில் 1880 முதல் புட்டியில் போட்டு வைத்திருந்த, வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் என்ற கடற்பகுதி மீன்களை அறுத்து 2023-இல் இன்னொரு கணக்கு சொன்னார்கள்: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உயிர்களை நம்பி வாழும் ஒட்டுண்ணிகள், கடல்நீர் ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் 38 சதவீதம் குறைந்திருந்தன. கூடியது செய்தி ஆன அளவுக்குக் குறைந்தது ஆகவில்லை.

'பொதுமக்கள் தொட வேண்டாம், புழு பரவும்' என்றும் எழுதியிருந்தீர்கள். செத்த டால்பினைத் தொடாமல் இருப்பது நல்லதுதான், பாக்டீரியா இருக்கும். அனிசாகிஸ் தொட்டால் பரவாது. வேகாத, உறையவைக்காத மீனைத் தின்றால் மனிதர் வயிற்றுக்குள் போய்த் தவறான வீட்டில் மாட்டிக்கொண்டு சுவரைத் துளைக்கும், கடும் வலி வரும். நெதர்லாந்தில் லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீன் தின்றவர்களிடம் இதைக் கண்டுபிடித்து 1960-இல் எழுதினார்கள். உள்ளே வரை 60 டிகிரிக்கு வெந்தாலோ, மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாள் முழுக்க உறைந்தாலோ புழு செத்துவிடும். லேசான உப்புக்கும் வினிகருக்கும் அது அசையாது. புழு செத்தாலும் சிலருக்கு ஒவ்வாமை வரக்கூடும், அது தனி.

பயமுறுத்தும் படம்தான் வேண்டும் என்றால் ஸ்பெர்ம் திமிங்கலத்தைக் கேளுங்கள். அதன் நஞ்சுக்கொடியில் பிளாசென்டோனீமா என்று ஓர் உருளைப்புழு. 1951-இல் விவரிக்கப்பட்ட அதன் பெண்புழு 8.4 மீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டர் பருமன். ஒரு பெரிய அறைக்குள் நேராக நீட்டிப் போட முடியாது. அதுதான் உலகிலேயே பெரிய உருளைப்புழு. கர்ப்பமான திமிங்கலத்தின் உடம்பில் மட்டும் கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து எட்டு மீட்டர் வளர்ந்திருக்கிறது பாருங்கள், என்ன துணிச்சல்!

சரி, உங்கள் நிருபர்களுக்கு இரண்டு வார்த்தை, கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேதப் பரிசோதனை நடக்கும் இடத்துக்குப் போனால் 'எத்தனை கிலோ புழு' என்று கேட்பதோடு நிற்காமல், 'கொழுப்பு எத்தனை கனம், நுரையீரலில் என்ன, மூளையைப் பார்த்தீர்களா, வலைத்தடம் உண்டா' என்றும் கேளுங்கள். புழுவைச் சேகரிக்கிறவர்கள் பக்கத்தில் இருந்தால், தலை புதைந்த திசுவோடு சேர்த்து வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். உருளைப்புழுவைக் கொதிக்கும் அளவு சூடான எழுபது சதவீத ஆல்கஹாலில் போட்டால் சுருள் விரிந்து நேராகும். முள்தலைப்புழு என்றால் நேர்மாறு, குளிர்ந்த நீரில் ஒரு இரவு விட வேண்டும், உள்ளே இழுத்துக்கொண்ட முள் மூக்கை மெதுவாக வெளியே நீட்டும். அது நீட்டும்வரை காத்திருந்து பார்த்த இரவுகள் எனக்கு உண்டு.

இப்போது அந்தப் படத்தின் கீழே இருந்த வரி. 'நுரையீரலை அடைத்த புழுக்கள்' என்று போட்டிருந்தீர்கள். டால்பினுக்கு நுரையீரல் புழு உண்டு, ஹலோசெர்கஸ் என்று பெயர். பிறக்கும் முன்பே தாயிடமிருந்து குட்டிக்குத் தொற்றக்கூடியது. ஆனால் அது தலைமயிர் போல மெல்லியது, நுரையீரல் திசுவுக்குள் கட்டிகளாகப் புதைந்திருக்கும், இப்படிக் கொத்தாகத் தொங்காது. கண்ணாடி வைத்து மூன்று முறை பார்த்துவிட்டேன். படத்தில் புழுக்களுக்குப் பின்னால் தடித்த மடிப்புகள் தெரிகின்றன, ஒரு ஓரத்தில் மீனின் முள்ளும் கிடக்கிறது. அது இரைப்பை. அந்த ஒரு சொல்லையாவது திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை